பி.எல்.டி.சி. மோட்டார் வடிவமைப்புக்கு எந்தக் காந்தப்புல மென்பொருள்? ஓர் ஒப்பீடு

கோயம்புத்தூரில் பம்பும் மின்விசிறியும் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு மோட்டார் வடிவமைத்துத் தருவது என் தொழில். பிறரிடம் மோட்டாரை வாங்கிப் பொருத்தி விற்றுவந்த ஒரு தொழிற்கூடம், இனி பி.எல்.டி.சி. மோட்டாரை, அதாவது பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டாரை, நாமே வடிவமைப்போம் என்று துணிந்தவுடன் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, மோட்டாரின் காந்தப்புலத்தைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் எந்த சிமுலேஷன் மென்பொருளை வாங்குவது என்பதுதான். ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் கேட்கும் மென்பொருள்களும், ஒரு ரூபாய்கூடக் கேட்காத மென்பொருள்களும் ஒரே வேலையைச் செய்வதாகச் சொல்லும்போது, பணம் போடுபவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேகம் குறைந்த, வழக்கமான வடிவமுள்ள ஒரு மோட்டாருக்கு இலவசமான ஃபெம் (FEMM) மென்பொருளும் ஒரு சோதனை மேசையும் போதும், அதிர்வெண் ஏறும்போதும், வெப்பம் இடத்தைச் சுருக்கும்போதும், காந்தப்புலம் ஒரு தளத்தில் அடங்காதபோதும் கட்டண மென்பொருள் தவிர்க்க முடியாததாகிறது. இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை ஓர் உண்மையான மோட்டாரை வைத்தே பார்ப்பது நல்லது.

எடுத்துக்காட்டாக, 12 ஸ்லாட் (கம்பி சுற்றும் பள்ளங்கள்), 14 போல் (காந்தத் துருவங்கள்) உள்ள வெளி ரோட்டர் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டேட்டர் உள்ளே நிலையாக நிற்க, காந்தங்கள் ஒட்டிய எஃகுக் கிண்ணம் அதைச் சுற்றிச் சுழலும் இந்த அமைப்பு கூரை மின்விசிறியிலும் இருக்கிறது, டிரோன்களிலும் இருக்கிறது. மின்விசிறிக்கானது நிமிடத்துக்கு 350 சுற்று சுழலும். ஏழு ஜோடி துருவங்கள் இருப்பதால் ஸ்டேட்டர் இரும்பு காணும் அதிர்வெண் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். டிரோனுக்கானது 8000 சுற்றில் ஓடுகிறது என்றால் அதே கணக்கில் 933 ஹெர்ட்ஸ் வருகிறது. ஸ்லாட் எண்ணிக்கை ஒன்று, போல் எண்ணிக்கை ஒன்று, வைண்டிங் (கம்பிச் சுருள்) வரிசையும் ஒன்று. ஆனால் ஒரே காந்தப்புல அடர்த்தியில் இரும்புத் தகட்டுக்குள் உண்டாகும் சுழல் மின்னோட்ட இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், ஒரு கிலோ இரும்புக்கு அந்த இழப்பு 500 மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. எனவே இந்த இரண்டு மோட்டார்களுக்கும் ஒரே மென்பொருளைப் பரிந்துரைப்பவர் இரண்டில் ஒன்றையாவது சரியாகப் பார்க்கவில்லை என்றே கருதுவேன்.

இந்த மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. மோட்டாரின் குறுக்குவெட்டுப் படத்தை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை எளிய வடிவில் எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தீர்க்கும் இந்த முறையை, இரும்பு ஓரளவுக்கு மேல் காந்தமாகாமல் செறிவடைவதையும் கணக்கில் எடுத்து மின் இயந்திரங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் சில்வெஸ்டரும் எம்.வி.கே. சாரியும், அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1970இல் வெளிவந்தது. அதே துறையில் பின்னர் பெயர் பெற்றவர்களில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரத்னஜீவன் ஹூலும் ஒருவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இலங்கைத் தேர்தல் ஆணைக்குழு உறுப்பினராகச் செய்திகளில் வந்தவர் என்றுதான் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அடிப்படை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த ஒன்று என்பதால், சமன்பாட்டைத் தீர்ப்பதில் இன்றைய மென்பொருள்களுக்குள் பெரிய வேறுபாடு கிடையாது. அந்தத் தீர்வைச் சுற்றி என்னென்ன கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

ஃபெம் டேவிட் மீக்கர் எழுதியது. இரண்டு பரிமாணத்தில் மட்டுமே வேலை செய்யும்; நிலையான காந்தப்புலம், ஒரே அதிர்வெண்ணில் அலையும் காந்தப்புலம், நிலைமின் புலம், வெப்பக் கடத்தல் ஆகியவற்றைத் தீர்க்கும். விண்டோஸில் ஓடும், லினக்ஸில் வைன் வழியாக ஓட்டலாம். லுவா மொழியில் கட்டளைகள் எழுதலாம். ஆக்டேவிலிருந்தும் பைத்தானிலிருந்தும் இயக்குவதற்கான இணைப்புகளும் உண்டு. இந்த ஸ்கிரிப்ட் வசதிதான் இதை மோட்டார் வேலைக்குத் தகுதியாக்குகிறது. ஸ்லாட் வாயின் அகலத்தை 2 மி.மீ.இலிருந்து 3 மி.மீ. வரை கால் கால் மில்லிமீட்டராக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ரோட்டரைச் சுழற்றி டார்க்கை (முறுக்குவிசையை) எழுதிவைக்கச் சொல்லிவிட்டு இரவு வீட்டுக்குப் போனால், காலையில் அட்டவணை தயாராக இருக்கும்.

நம் மோட்டாரில் இதை எப்படிச் செய்வது என்று சற்று நெருக்கமாகப் பார்க்கலாம். 12 ஸ்லாட் 14 போல் அமைப்பில் பாதி மோட்டாரை மட்டும் வரைந்தால் போதும். பாதியில் ஏழு துருவங்கள், அதாவது ஒற்றைப்படை எண்ணிக்கையில் வருவதால், வெட்டிய இரு விளிம்புகளிலும் எதிர்க் குறியுள்ள எல்லை நிபந்தனையைக் கொடுக்க வேண்டும். மின்னோட்டமே இல்லாதபோதும் காந்தங்கள் ஸ்டேட்டரின் பற்களை இழுப்பதால் எழும் காகிங் டார்க் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்பது 12க்கும் 14க்கும் உள்ள மீச்சிறு பொது மடங்கைப் பொறுத்தது, அது 84. ஆகவே 360 பாகையும் சுழற்றத் தேவையில்லை, 4.29 பாகை சுழற்றினாலே ஒரு முழு அலை கிடைத்துவிடும். அந்தச் சிறு கோணத்தை இருபது படிகளாகப் பிரித்து ஓட்டினால், ஒவ்வொரு படியும் என்னுடைய சாதாரண மடிக்கணினியில் சில வினாடிகளில் முடிகிறது. இதுவே 12 ஸ்லாட் 8 போல் என்றால் ஒரு சுற்றுக்கு 24 அலைகள்தான். அலைகள் குறையும்போது ஒவ்வொன்றின் உயரமும் பொதுவாகக் கூடும். காந்தப்பாயத்தைச் சுருள்கள் எவ்வளவு பயன்படுத்துகின்றன என்று காட்டும் வைண்டிங் காரணியும் 0.933இலிருந்து 0.866ஆக இறங்கிவிடும். மின்விசிறி மெல்லச் சுழலும்போது கையில் தடுக்கித் தடுக்கி உணரப்படும் அந்தத் துடிப்புக்குக் காரணம் இந்தக் காகிங்தான்.

காகிங் கணக்கிடும் இடத்தில்தான் ஃபெம் புதியவர்களை ஏமாற்றுகிறது. இதை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இந்த மென்பொருள் வட்ட வில்லை நேர்க்கோட்டுத் துண்டுகளாக மாற்றித்தான் முக்கோணம் போடுகிறது. 50 மி.மீ. ஆரமுள்ள ஸ்டேட்டர் விளிம்பை 5 பாகைத் துண்டுகளாக விட்டுவிட்டால், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் உண்மையான வில்லுக்கும் நேர்க்கோட்டுக்கும் இடையே 0.048 மி.மீ. விலகல் விழுகிறது. ஸ்டேட்டருக்கும் காந்தத்துக்கும் இடையிலான ஏர் கேப்பே 0.5 மி.மீ. தான் என்னும்போது, அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பொய்யான இடைவெளி. நாம் வரைந்தது வட்டம், கணினி தீர்ப்பது பலகோணம். துண்டை ஒரு பாகையாகக் குறைத்தால் அதே விலகல் 0.002 மி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் ரோட்டரை ஒவ்வொரு படிக்கும் சுழற்றி, புதிதாக மெஷ் (முக்கோண வலை) போட்டு, ஏர் கேப்பில் மூன்று நான்கு அடுக்கு முக்கோணங்கள் வருமாறு பார்த்துக்கொண்டாலும், மெஷ் மாறுவதால் வரும் சலசலப்பு காகிங் அலையின் அளவுக்கே இருக்கும். எது மோட்டார், எது மெஷ் என்று பிரித்தறிய முடியாது. பின்னர் வந்த பதிப்புகளில் ஏர் கேப்பை முக்கோணங்களே இல்லாத ஒரு தனி வளையமாக வைத்து, ரோட்டர் கோணத்தை எண்ணாகவே மாற்றும் வசதி சேர்க்கப்பட்டதும் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கியது. ஃபெம்மில் காகிங் சரியாக வராது என்று இன்றும் சிலர் சொல்வது அந்தப் பழைய அனுபவத்திலிருந்துதான்.

இனி அதனால் முடியாதவை. காலத்தோடு நகரும் கணக்கு, அதாவது மின்னழுத்தத்தைக் கொடுத்துவிட்டு மின்னோட்டம் எப்படி எழுகிறது, ரோட்டர் எப்படி முடுக்கம் பெறுகிறது என்று தொடர்ந்து தீர்ப்பது ஃபெம்மில் கிடையாது. நாமே மின்னோட்டத்தை விதித்து, ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டும். மோட்டாரை ஓட்டும் மின்னணுச் சுற்றான டிரைவர் சைன் அலை மின்னோட்டம் தருவதாக இருந்தால் இது போதும். ஆறு படி மாற்றத்தில் ஓட்டும் எளிய டிரைவராக இருந்தால், மின்னோட்டம் ஒரு பேஸிலிருந்து (மூன்று சுருள் தொகுதிகளில் ஒன்றிலிருந்து) அடுத்த பேஸுக்குத் தாவும் தருணத்தில் வரும் டார்க் பள்ளத்தை இப்படிப் பார்க்க முடியாது. அதற்கு ஃபெம் தந்த பாய இணைப்பு (சுருளோடு பிணையும் காந்தப்பாயத்தின் அளவு) அட்டவணையை எடுத்துச் சென்று ஒரு மின்சுற்று சிமுலேஷன் மென்பொருளில் கொடுக்க வேண்டும். முடியாத வேலையல்ல, ஆனால் அதை நாமே எழுதியாக வேண்டும். இரும்பு இழப்பையும் அப்படித்தான் நாமே கணக்கிட வேண்டும். காந்தத்துக்குள் ஓடும் சுழல் மின்னோட்டத்தை நேரடியாகப் பார்க்க வழியில்லை. முப்பரிமாணம் அறவே இல்லை.

இந்தக் குறைகள் நம் மின்விசிறி மோட்டாரை எவ்வளவு பாதிக்கின்றன? இரும்பு இழப்பை எடுத்துக்கொள்வோம். எம்800-50ஏ என்ற சாதாரண தரத்து ஸ்டாம்பிங் தகடு, 1.5 டெஸ்லாவிலும் 50 ஹெர்ட்ஸிலும் கிலோவுக்கு அதிகபட்சம் 8 வாட் இழக்கும் என்பது அந்தப் பெயரிலேயே அடங்கிய உறுதி. 50 என்பது தகட்டின் 0.50 மி.மீ. தடிமனைக் குறிக்கிறது. அரைக் கிலோ எடையுள்ள ஸ்டேட்டர், 41 ஹெர்ட்ஸில், அதைவிடக் குறைந்த புல அடர்த்தியில் ஓடும்போது இழப்பு இரண்டு மூன்று வாட்டுக்குள் நிற்கும். நம் கணக்கு முறையில் 30 விழுக்காடு பிழை இருந்தாலும் ஒரு வாட்டுக்குக் குறைவாகவே தவறுகிறோம். மொத்தம் முப்பது வாட்டைச் சுற்றி எடுக்கும் விசிறியில் அதை மின்னளவி காட்டிவிடும், அடுத்த மாதிரியில் தகட்டை மாற்றிக்கொள்ளலாம். டிரோன் மோட்டாரில் அதே 30 விழுக்காடு பிழை என்றால் ஸ்டேட்டர் எரிந்தும் போகலாம். அங்கே இரும்பு இழப்பையும் காந்தத்தின் சூட்டையும் சரியாகச் சொல்லும் மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

இலவசமானவற்றில் ஃபெம்முக்கு அப்பாலும் போகலாம். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் துலாரும் கிறிஸ்டோஃப் கியூசேனும் உருவாக்கிய கெட்-டி.பி., அதனோடு இணைந்து மெஷ் போடும் ஜிமெஷ், ஃபின்லாந்தின் சி.எஸ்.சி. கணினி மையம் வளர்த்துவரும் எல்மர் ஆகிய மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். காலத்தோடு நகரும் கணக்கையும், சுழலும் ரோட்டரையும், மின்சுற்றோடு சேர்த்த தீர்வையும், முப்பரிமாணத்தையும் இவற்றில் செய்ய முடியும். எல்மரைப் பல கோர்கள் உள்ள கணினியில் பிரித்து ஓட்டும்போது கோருக்கு இவ்வளவு என்று எவரும் கட்டணம் கேட்க மாட்டார்கள். கட்டண மென்பொருள்களில் அதற்குத் தனி விலை வைப்பதுண்டு. ஆனாலும் சிறு தொழிற்கூடத்துக்கு இவற்றை முதல் தேர்வாக நான் சொல்வதில்லை. படம் வரைந்து பொத்தானை அழுத்தும் வழி இங்கே குறைவு. சமன்பாட்டையே உரைக் கோப்பாக எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால், அவர் எழுதிவைத்த கோப்புகளைத் திறந்து பார்க்கவும் ஆள் இருக்காது. அப்படி ஒரு நிறுவனம் ஓராண்டு உழைப்பை இழந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்களோடு கூட்டு வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால் என் கருத்து மாறும். ஃபெம்மை உள்ளே வைத்துக்கொண்டு பைத்தான் வழியாக மோட்டார் வடிவங்களை அமைத்துத் தரும் பைலீகன் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. பைத்தான் அறிந்த இளைஞர் ஒருவர் இருந்தால் அதை முயன்று பார்க்கலாம்.

கட்டண மென்பொருள்களில் நம் பகுதியில் அதிகம் காதில் விழுவது மேக்ஸ்வெல். கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சோல்டன் செண்டஸ் தொடங்கிய ஆன்சாஃப்ட் நிறுவனத்தின் மென்பொருள் அது. 2008இல் ஆன்சிஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2025 ஜூலையில் ஆன்சிஸையே சினாப்சிஸ் வாங்கிவிட்டது. என்னிடம் வேலைக்கு வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் தொட்டுப் பார்த்த மென்பொருள் இது என்பது ஒரு சிறு நிறுவனத்துக்கு உண்மையான ஆதாயம், ஏனென்றால் பயிற்சிக்குச் செலவாகும் மாதங்கள் குறைகின்றன. நிலையான புலக் கணக்கில், எங்கே பிழை அதிகமோ அங்கே தானாகவே முக்கோணங்களை நுணுக்கிக்கொள்ளும் அதன் பண்பு, மெஷ் போடத் தெரியாதவரையும் ஓரளவு காப்பாற்றுகிறது. அதனோடு வரும் ஆர்.எம்.எக்ஸ்பர்ட் சூத்திரங்களை வைத்து மோட்டாரின் முதல் அளவுகளை நொடியில் தந்து, அதையே மேக்ஸ்வெல் மாதிரியாக மாற்றியும் தந்துவிடும். மாணவர் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் அளவுக் கட்டுப்பாடு உண்டு, விற்பனைக்கான பொருளை அதில் வடிவமைக்க உரிமம் அனுமதிப்பதில்லை. மாணவர் பதிப்பைத் தொழிற்கூடத்தில் ஓட்டுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நம் வடிவமைப்பை இன்னொருவர் திருடினால் கொதிக்கும் நாம், அதைச் செய்யக் கூடாது.

ஜப்பானின் ஜேமேக் 1983இலிருந்து இருக்கிறது. மோட்டார்காரர்களுக்காகவே வளர்க்கப்பட்டது என்பது அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது: எஃகு ஆலைகளின் தகட்டுத் தரவுகள் உள்ளேயே இருக்கின்றன, இரும்பு இழப்பைப் பல வழிகளில் கணக்கிட்டு ஒப்பிடலாம், முடித்த மோட்டாரை டிரைவர் வடிவமைப்பவருக்கு ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுக்கலாம். டிரோன் மோட்டாரோ மின்வாகன மோட்டாரோ செய்ய இறங்குபவர்களுக்கு, விலை கட்டுப்படியானால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். பிரான்சின் கிரெனோபிளில் செட்ராட் நிறுவனம் வளர்த்த ஃப்ளக்ஸும் மின்சுற்று இணைப்பிலும் முப்பரிமாணத்திலும் அதற்குச் சமமாக நிற்கக்கூடியது. 2016இல் ஆல்டேர் அதை வாங்கியது. 2025 மார்ச்சில் ஆல்டேரை சீமென்ஸ் வாங்கியது. இதே சீமென்ஸிடம், மெக்கில் வழிவந்த இன்ஃபோலிட்டிகாவின் மேக்நெட்டும் முன்பே இருக்கிறது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மென்பொருள்கள் ஒரே வீட்டில் இருக்கும்போது, பத்தாண்டுக்குப் பிறகு இரண்டும் தனித்தனியாக வளர்ந்துகொண்டிருக்குமா என்று வாங்குபவர் கேட்டுத் தெளிவது நியாயம். ஆண்டுச் சந்தாவாக அல்லாமல் நிரந்தர உரிமமாக வாங்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஸ்டாக்ஹோமின் காம்சாலைப் பற்றி ஒரு சொல் போதும். காந்தமும் வெப்பமும் அதிர்வும் ஒன்றையொன்று பாதிக்கும் சிக்கலான ஆய்வுக்கு அதைப் போன்ற கருவி கிடைப்பது அரிது. ஆனால் வெறும் மோட்டார் வடிவமைப்புக்கு, மற்றவற்றில் ஆயத்தமாக இருப்பதை இதில் நாமே அமைக்க வேண்டியிருப்பதால், கூடுதல் நாட்கள் பிடிக்கும்.

மோட்டார்-கேட் இவற்றிலிருந்து வேறுபட்டது. அது ஆயத்த வார்ப்புருக்களைத் தருகிறது; வெளி ரோட்டர் காந்த மோட்டாருக்கான வார்ப்புருவும் அதில் உண்டு. பல் அகலம், காந்தத் தடிமன், கம்பியின் விட்டம் என்று எண்களை நிரப்பினால் காந்தக் கணக்கையும் வெப்பக் கணக்கையும் சேர்த்தே தந்துவிடும். இதன் உண்மையான மதிப்பு வெப்பத்தில்தான் இருக்கிறது. வைண்டிங்கிலிருந்து தகட்டுக்கும், தகட்டிலிருந்து தண்டுக்கும், அங்கிருந்து காற்றுக்கும் சூடு பாயும் பாதைகளைத் தடைகளின் வலையாக வைத்து, எத்தனை நிமிடத்தில் வைண்டிங் எத்தனை பாகைக்கு ஏறும் என்று சொல்லும். ஃபெம்மின் வெப்பக் கணக்கு ஒரு தளத்துக்குள் கடத்தலை மட்டும் பார்ப்பதால் இந்த இடத்தை நிரப்ப முடியாது. மூடிய உறைக்குள், காற்றோட்டமே இல்லாமல் நாள் முழுவதும் ஓடும் பம்பு மோட்டார் செய்பவர்கள், காந்தப்புல மென்பொருளை இலவசமாக வைத்துக்கொண்டு பணத்தை இங்கே போடுவதை நான் தயங்காமல் ஆதரிப்பேன்.

மென்பொருளை ஒப்பிடும்போது பலரும் விட்டுவிடும் ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஃபெரைட் காந்தம் வைத்த ஒரு விசிறி மோட்டாரை ஃபெம்மில் வடிவமைத்தேன். 350 சுற்றில் இரண்டு பேஸ் கம்பிகளுக்கு இடையே பேக் இ.எம்.எஃப். (சுழலும் காந்தம் சுருளில் எழுப்பும் மின்னழுத்தம்) உச்சம் 14.2 வோல்ட் வரும் என்றது கணக்கு. முதல் மாதிரியை லேத்தில் பிடித்துச் சுழற்றி, இரண்டு கம்பிகளை ஆஸிலோஸ்கோப்பில் மாட்டியபோது 13.1 வோல்ட்தான் வந்தது. ஏறக்குறைய எட்டு விழுக்காடு குறைவு. இலவச மென்பொருளை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று முதலாளி சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. கட்டண மென்பொருள் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அதே வரைபடத்தையும் அதே காந்தத் தரவையும் கொடுத்தேன். அவருக்கு வந்த விடை 14.1. அதன் பிறகுதான் மென்பொருளை விட்டுவிட்டுப் பொருளைப் பார்க்கத் தொடங்கினோம். காந்தம் விற்றவரின் சான்றிதழில் எஞ்சிய காந்தப்புல அடர்த்தி 0.40 டெஸ்லா என்று இருந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளில் வைத்து அளந்தபோது 0.38. அதிலேயே ஐந்து விழுக்காடு போயிற்று. ரோட்டர் கிண்ணத்தின் உள் ஆரம் 0.1 மி.மீ. பெரிதாக அழுத்தப்பட்டிருந்ததால் ஏர் கேப் 0.6 ஆகியிருந்தது, காந்தத்தின் தடிமன் 4 மி.மீ. என்னும்போது அதில் இரண்டு விழுக்காடு. இந்த இரண்டையும் திருத்தி மீண்டும் ஓட்டியபோது ஃபெம்மின் விடையும் லேத்தின் விடையும் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து நின்றன. தவறு முழுவதும் நான் உள்ளே கொடுத்த எண்களில் இருந்தது; எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய மென்பொருளும் அதே தவறான எண்களைத்தான் தின்றிருக்கும்.

வெப்பநிலையும் இதே வகையைச் சேர்ந்தது. நியோடிமியம் காந்தம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.12 விழுக்காடு வலுவிழக்கிறது, ஃபெரைட் 0.2 விழுக்காடு. 25 பாகையில் அளந்த ஃபெரைட் மோட்டார் 75 பாகையில் ஓடும்போது பத்து விழுக்காடு பாயம் குறைந்திருக்கும். காந்தநீக்கத்தில் (காந்தம் நிரந்தரமாக வலுவிழப்பதில்) இரண்டும் எதிரெதிர்: நியோடிமியம் சூட்டில் அஞ்ச வேண்டியது, ஃபெரைட் குளிரில் அஞ்ச வேண்டியது, ஏனெனில் ஃபெரைட்டின் எதிர்ப்புத் திறன் வெப்பநிலை இறங்க இறங்கக் குறைகிறது. ஊட்டியின் பனிக்காலை ஒன்றில் டிரைவர் பழுதாகி உச்ச மின்னோட்டம் பாய்ந்தால் ஃபெரைட்டின் ஓரம் தாங்குமா என்ற கேள்விக்கு, மேக்ஸ்வெல்லும் ஜேமேக்கும் காந்தத்தின் எந்தப் பகுதி எத்தனை விழுக்காடு இழந்தது என்று வண்ணப் படமாகக் காட்டி, இழந்த நிலையிலேயே தொடர்ந்து கணக்கிடும். ஃபெம்மில் காந்தத்துக்குள் புள்ளி புள்ளியாக மதிப்பை எடுத்து, காந்தநீக்க வளைவு திடீரெனச் சரியும் முழங்கால் எங்கே இருக்கிறது என்பதோடு நாமே ஒப்பிட வேண்டும். விசிறிக்கு ஒருமுறை செய்தால் போதும் என்பதால் எனக்கு இது சுமையாக இல்லை. மின்வாகன மோட்டாருக்கு நூறு நிலைகளில் செய்ய வேண்டியிருந்தால் நிச்சயம் சுமைதான்.

இரண்டு பரிமாணம் போதுமா என்ற கேள்விக்கு, மோட்டாரின் உடல் அமைப்பே விடை சொல்கிறது. ஸ்டேட்டர் விட்டம் 100 மி.மீ., தகட்டு அடுக்கின் உயரம் 12 மி.மீ., காந்தத்தின் உயரம் 16 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு தட்டையான மோட்டாரில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் காந்தத்திலிருந்து வரும் பாயம் ஓரங்களில் கசிவதை ஓரளவு ஈடுசெய்கிறது. எந்த அளவுக்கு என்று இரு பரிமாணக் கணக்கு சொல்லாது. எனினும் ஒரே குடும்பத்து மோட்டார்களைத் தொடர்ந்து செய்பவர், முதல் மாதிரியை அளந்து ஒரு திருத்தக் காரணியைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த பத்து மோட்டார்களுக்கும் அதையே பயன்படுத்தலாம். ரோட்டரின் நிலையை உணரும் ஹால் சென்சாரைக் காந்தத்தின் விளிம்புக்கு மேலே வைப்பவர்களுக்கும், ஸ்க்யூ கொடுத்த, அதாவது தகடுகளைச் சாய்வாகத் திருகி அடுக்கிய, ஸ்டேட்டர் செய்பவர்களுக்கும் இது போதாது. தட்டு வடிவில் அச்சுத்திசைப் பாயம் கொண்ட மோட்டாராக இருந்தால் இரண்டு பரிமாணத்தில் தொடங்குவதே வீண். அங்கே ஃபெம்மை நான் பரிந்துரைக்க மாட்டேன், முப்பரிமாண உரிமத்துக்கான பணத்தைத் திட்டச் செலவில் முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

புதிதாக ஒரு மென்பொருளைக் கற்பவர், தன் மோட்டாருக்கு முன் ஊரறிந்த ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது நல்லது. 2004ஆம் ஆண்டின் டொயோட்டா பிரியஸ் மோட்டார் அதற்கு ஏற்றது: 48 ஸ்லாட், 8 போல், 50 கிலோவாட். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் அதைப் பிரித்து அளந்து, அளவுகளையும் சோதனை முடிவுகளையும் வெளியிட்டிருப்பதால், மேக்ஸ்வெல்லின் பயிற்சிப் பாடத்திலும் பைலீகனின் எடுத்துக்காட்டிலும் அதே மோட்டார்தான் வருகிறது. அதன் விடைக்கு அருகில் வர முடியாதவர், தன் சொந்த மோட்டாரில் வரும் விடையையும் நம்ப வேண்டாம்.

மோட்டார் செய்பவர்களில் இப்போதே கட்டண மென்பொருள் வாங்கியே ஆக வேண்டியவர்கள் விற்பனையாளரை அழைக்கும்போது, அவர் கொண்டுவரும் காட்சி மாதிரியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஏற்கெனவே செய்து, லேத்தில் சுழற்றி, ஆஸிலோஸ்கோப் படத்தோடு கையில் வைத்திருக்கும் உங்கள் மோட்டார் ஒன்றின் வரைபடத்தையும், அளந்தெடுத்த காந்த மதிப்பையும் கொடுங்கள். அளந்த வோல்ட் எவ்வளவு என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் எதிரிலேயே அவருடைய பொறியாளர் அதை வரைந்து, ஏர் கேப்பில் மெஷ் போட்டு, பேக் இ.எம்.எஃப். அலையையும் காகிங்கையும் எடுத்துக் காட்டட்டும். எத்தனை மணி நேரம் ஆகிறது, எங்கே தடுமாறுகிறார், உங்கள் ஆளால் அதைத் திரும்பச் செய்ய முடிகிறதா என்பதைக் குறித்துக்கொண்டு, சோதனைக் கால உரிமத்தைக் கேட்டு வாங்கி, அதே மோட்டாரை நீங்களே ஒருமுறை ஃபெம்மிலும் ஒருமுறை அதிலும் ஓட்டிப் பாருங்கள். அளந்தது, ஃபெம் தந்தது, கட்டண மென்பொருள் தந்தது என்ற மூன்று அலைகளையும் ஒரே தாளில் அச்சிட்டு மேசையில் வைத்த பிறகு விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.